மதுரைப் பழைய நகரை வழிகாட்டி இல்லாமல் அரை நாளில் நடந்தே பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

தாராளமாக முடியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி மட்டும் வராதீர்கள். பழைய மதுரை, கோயிலை நடுவில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சதுரங்கள்: கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. குறுக்கே வெட்டி நடந்தால்தான் ஒவ்வொரு அடுக்கும் தெரியும்.

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். எதிரே மேல வெளி வீதி. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து உண்டான வீதி இது. பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கொத்தளம் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே திரும்புங்கள். மேல மாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது. இப்போது கதர்க்கடை.

வழி கேட்கும்போது வெறுமனே 'மாசி வீதி' என்றால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். நான்கு உண்டு, கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று திசையோடு கேளுங்கள். வீதிப் பெயரை நம்பித் திருவிழாவைத் தேடினாலும் ஏமாற்றம்தான்: சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதி பழைய பெயரிலேயே நின்றுவிட்டது என்பார்கள்.

கோயில் தரிசனத்தை இந்த நடையோடு சேர்க்காதீர்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லை. மேற்கு வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டுக் கிழக்கு வாசலில் வெளியே வந்தால், சுடுகல்லில் வெறுங்காலோடு பாதிச் சுற்று திரும்ப வேண்டும். மதியம் கோயில் நடையும் சாத்திவிடுவார்கள். மாலை நான்குக்கு மேல் தனியாகப் போங்கள்.

வண்டித் தொல்லை இல்லாத சித்திரை வீதி வழியாகக் கிழக்குக் கோபுரத்துக்கு வந்தால், எதிரே புது மண்டபம். அதற்கும் கிழக்கே ராய கோபுரம்: அடித்தளத்தோடு நின்றுபோனது. கடைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால் செதுக்கிய நிலைக்கற்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். எனக்கு இந்த நடையிலேயே பிடித்த இடம் அதுதான்.

அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே விட்டவாசல், பாண்டியர் கோட்டையின் மிச்சம். பலர் பழைய வளைவு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பிறகு தெற்கே விளக்குத்தூண். கோட்டையை இடித்த அதே பிளாக்பர்னின் நினைவாக ஊரார் வைத்தது! பக்கத்துச் சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு இடையே பத்துத் தூண், நாயக்கர் அரண்மனையின் சிதறிய துண்டு. அங்கிருந்து அந்த அரண்மனையில் மிஞ்சிய திருமலை நாயக்கர் மகாலுக்கு நடக்கும் தூரம்தான். ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.