ஏன் காணோம் என்று கேட்க ஓர் ஆள்

கேள்வி: எனக்கு வயது 43. மதுரையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். போன வருடக் கடைசியில் எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 வந்தது. 'சர்க்கரைக்கு முந்தைய நிலைதான், மாத்திரை வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்றார் டாக்டர். பள்ளித் தோழி ஒருத்தி ஜனவரியில் என்னை ஒரு வாட்ஸ்அப் நடைக் குழுவில் சேர்த்துவிட்டாள். மொத்தம் 212 பேர். இரவு 9 மணிக்குள் எத்தனை அடி நடந்தோம் என்று ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். 10,000 தொட்டவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், மற்றவர்களுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டு மாதம் தெப்பக்குளத்தைச் சுற்றி நாள் தவறாமல் நடந்தேன். மார்ச்சில் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் பன்னிரண்டு நாள் நடக்க முடியவில்லை. பன்னிரண்டு நாளும் சிவப்புக் குறி. வெட்கமாகப் போய்விட்டது. குழுவைத் திறப்பதையே விட்டேன், அப்புறம் நடையும் நின்றது. 'ஊருக்குக் காட்ட நடந்தால் இப்படித்தான், தனக்காக நடக்கணும்' என்கிறார் கணவர். இப்போது குழுவில் எடை குறைக்கும் பவுடர் வேறு விற்கிறார்கள். வெளியேறிவிடலாமா? இந்தக் குழுக்களால் உண்மையில் பயன் உண்டா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்களே வேகமாகக் கடந்து போயிருக்கிறீர்கள். இரண்டு மாதம் நாள் தவறாமல் நடந்தேன் என்கிறீர்கள். வேலைக்குப் போகும் பெண், வீட்டில் வயதான மாமியார், விடிவதற்கு முன் எழுந்து தெப்பக்குளம் வரை போய் வருவது சாதாரணக் காரியமா? அந்த இரண்டு மாதத்தையும் நடந்தது நீங்கள்தான். அதற்குக் குழுவும் கைகொடுத்தது. ஆகவே பயன் உண்டா என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. உண்டு.

உங்கள் கணவர் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். தனக்காக நடக்க வேண்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களை உங்கள் ஊர்ப் பக்கச் சாலைகளில் வருடா வருடம் பார்க்கிறீர்களே, அவர்களில் தனியாகப் போகிறவர் எத்தனை பேர்? நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக் கால் கொப்பளித்தால் இன்னொருவர் பையை வாங்கிக்கொள்கிறார். ஒருவர் பின்தங்கினால் முன்னால் போனவர் மரத்தடியில் காத்திருக்கிறார். அவர்கள் பக்தியை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. மனதில் இருக்கிற உறுதி காலில் இறங்குவதற்குத் துணை தேவைப்படுவது மனித இயல்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியென்றால் ஏன் நின்றுபோனது? அந்தப் பன்னிரண்டு நாளில், 212 பேரில் ஒருவராவது உங்களைத் தனியாக அழைத்து, 'என்னம்மா, ஆளைக் காணோமே' என்று கேட்டாரா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். முன்பெல்லாம் தெருவில் ஒரு வீட்டில் காலையில் வாசல் தெளிக்காமல் கிடந்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், உடம்புக்கு முடியலையா என்பார். அந்தத் தெருவில் கண்காணிப்பும் இருந்தது, அக்கறையும் இருந்தது. உங்கள் குழுவில் கண்காணிப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் மாமியாரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடிச் என்ற குடும்பப் பெண் உடல் எடையைக் குறைக்க முடியாமல் திணறினார். என்ன சாப்பிட வேண்டும் என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. ஆனால் ஒளித்துவைத்து பிஸ்கட் சாப்பிடுவதைச் சொல்லி அழ ஓர் இடம் இல்லை. தோழிகள் சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாருக்கும் அதே கதை. வாரா வாரம் சந்தித்தார்கள், எடையும் இறங்கியது. 1963இல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாக ஆனது. பிற்பாடு அது பெரிய வியாபாரமாகிவிட்டது. நமக்கு வேண்டியது அந்த முதல் கூடம். தவறியதைச் சொன்னால் 'எனக்கும் அப்படித்தான்' என்று பதில் வந்த கூடம்.

அப்புறம் அந்த 10,000. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் மன்போ கேய். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். ஒரு விற்பனைப் பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பலன் மேலும் கூடவில்லை. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள், எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 8,000 நடந்த நாளுக்குச் சிவப்புக் குறி போடுவது நியாயமே இல்லை என்பதற்கு இது போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நீங்கள் கணக்குப் பார்ப்பவர், போட்டுப் பாருங்கள். நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். 150 வந்துவிட்டது. டாக்டர் தினமும் என்று சொன்னதால் ஏழு நாளுக்கும் முயலுங்கள், ஆனால் ஒரு நாள் இரண்டு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறிப்போக நடுமட்டமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூடக் கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விடுபட்டது பழக்கத்தைக் குலைக்கவில்லை. நீங்கள் கிட்டத்தட்ட 60 நாள் நடந்திருக்கிறீர்கள். வழக்கமாகும் தறுவாயில்தான் ஆஸ்பத்திரி குறுக்கே வந்தது.

இனி என்ன செய்யலாம்?

அந்தக் குழுவை ஒரே ஒரு முறை திறங்கள். மார்ச் மாதப் பட்டியலுக்குப் போங்கள். பச்சை டிக்குகளை விட்டுவிட்டு, உங்களோடு சிவப்பில் கிடந்தவர்களின் பெயர்களைப் படியுங்கள். பிப்ரவரி வரை ஒழுங்காக நடந்து பிறகு காணாமல் போனவர் இருவர் மூவராவது இருப்பார்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உங்களைப் போலச் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். 212 பேரில் நீங்கள் ஒருவர் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் துணை அந்தச் சிவப்புப் பெயர்களில்தான் இருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதுங்கள்.

மூன்று பேர், மிஞ்சினால் ஐந்து பேர் போதும். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு அது தெரிய வேண்டும், அதுதான் அளவு. ரொம்பத் தேறியவரைச் சேர்க்காதீர்கள். மாரத்தான் ஓடுகிறவரின் படத்தைப் பார்த்தால் நம் அரை மணி நேரம் சிறுத்துப்போகும். எப்போதும் உங்களை ஒப்பிட்டே பேசும் உறவினரையும் வேண்டாம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். ஒருத்தி கோவை, ஒருத்தி சிங்கப்பூர், ஒருத்தி எங்கள் தெருவே. நாங்கள் இரவில் எதுவும் போடுவதில்லை. காலையில் கிளம்பும்போது ஒரு படம், வாசலில் மாட்டிய செருப்பும் காலும். 'செருப்பு போட்டாச்சு' என்று இரண்டு சொல். அவ்வளவுதான். எனக்கு 5.45 ஆகும்போது சிங்கப்பூர்க்காரிக்கு 8.15, ரயிலில் நின்றுகொண்டே ஒரு கட்டைவிரல் போடுவாள். எத்தனை அடி, எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. நடந்து முடித்த பிறகு எண்ணைப் போடுவதைவிடக் கிளம்பும்போது சொல்வதில்தான் பலம் இருக்கிறது. கஷ்டமான இடம் படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ள பத்தடிதானே.

என் அப்பா இறந்தபோது மூன்று வாரத்துக்கு மேல் நான் வெளியே இறங்கவில்லை. அந்த நாட்களில் குழுவில் அவர்கள் செருப்புப் படம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். கோவைக்காரி தினமும் மதியம் 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்பாள். இருபத்து நான்காம் நாள் காலையில், 'தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தேன்' என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் மூன்று பேரும் பதில் போட்டார்கள். அன்றைக்கு நான் நடந்தது முந்நூறு அடிகூட இருக்காது. அந்தத் தெருமுனை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒருத்தி கேட்டிருந்தால், பதின்மூன்றாம் நாள் நீங்கள் தெப்பக்குளத்தில் இருந்திருப்பீர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எடையை மட்டும் குழுவில் போடாதீர்கள், சின்னக் குழுவிலும் வேண்டாம். உப்பு சற்றுக் கூடினாலோ மாதவிலக்கு நெருங்கினாலோ உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோ ஏறும், பிறகு தானே இறங்கும். அதற்கு நாலு பேர் ஆறுதல் சொல்ல, மனசு கிடந்து அல்லாடும். உங்களுக்கு வேண்டிய கணக்கு எச்பிஏ1சி. அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அதை டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பவுடர் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. வாங்காதீர்கள். துணை என்று சொல்லிச் சேர்த்த இடத்தில் கடை விரித்தால் அங்கே நீங்கள் தோழி இல்லை, வாடிக்கையாளர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடந்த பாதையின் வரைபடத்தைப் போடச் சொல்லும் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் கோடு உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடியும். முகம் தெரியாத இருநூறு பேருக்கு, ஒரு பெண் இருட்டு விலகும் முன் எந்தத் தெருவில் தனியாக நடக்கிறாள் என்று நாமே சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வெளியேறுங்கள். சேர்த்துவிட்ட தோழிக்கு முதலில் ஒரு போன் போட்டு, 'நீ சேர்த்ததால்தான் இரண்டு மாதம் நடந்தேன், இனிச் சின்னதா ஒரு குழு ஆரம்பிக்கப் போறேன், வர்றியா' என்று கேளுங்கள். இப்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினால் எல்லாருக்கும் அறிவிப்பு போவதில்லை, அட்மினுக்கு மட்டும்தான் போகும்.

மாமியார் இன்னும் படுக்கையில் இருந்தால் தெப்பக்குளம் இப்போதைக்கு இருக்கட்டும். மொட்டை மாடி போதும், காலையில் பதினைந்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம். சாப்பிட்டபின் நடப்பது ரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறுவதைத் தணிக்கும், உங்கள் நிலைக்கு அது கூடுதல் லாபம். மாமியார் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்திலும் இருப்பீர்கள்.

அந்தச் சிவப்புப் பெயர்க்காரருக்கு என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். 'அக்கா, மார்ச்ல நானும் நின்னுட்டேன். நாளைக்குக் காலையில் மாடியில் பத்து நிமிஷம் நடக்கப் போறேன். நீங்களும் கிளம்பும்போது ஒரு வார்த்தை போடுங்களேன்.' இன்று இரவே அனுப்பிவிடுங்கள். அவர் என்ன பதில் போட்டார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.