அப்பா சரியில்லாத வீட்டுப் பிள்ளை யாரைப் பார்த்து வளர்வது?

"அப்பாதான் என் ஹீரோ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் அப்பா அப்படி இல்லை. பெற்றோரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லாதவர்கள் எப்படி உருப்படுவது?" இதுதான் கேள்வி. வயது போடவில்லை. எழுத்தைப் பார்த்தால் காலேஜ் படிக்கிற பிள்ளை மாதிரி தெரிகிறது. தங்கச்சி என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், தம்பியாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்று. பெற்ற தகப்பனைக் குறை சொல்லலாமா, அவர் கஷ்டம் உனக்குத் தெரியுமா என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள். என் அப்பாவை நான் திட்டப் போவதில்லை. விசைப்படகில் கூலிக்குப் போனவர். கச்சான் காற்று எப்போது ஓங்கும், வாடை எப்போது திரும்பும், கொண்டல் அடித்தால் என்ன மீன் ஏறும் என்பதெல்லாம் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னவர் அவர்தான். குடியும் அவர்தான். நான் ஏழாவது படிக்கும்போது வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டார். அம்மா அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் பயந்தார், கடைக்காரர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே அழுதுவிடுவார். அம்மாமேல் எனக்கு உயிர். ஆனால் எதிர்த்து நிற்பது எப்படி என்று அவரிடம் கற்றிருக்க முடியாது.

அதை எனக்குக் காட்டியவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. பாம்பன் பக்கம் எங்கள் ஊர். பெரியம்மா பாசிக்குப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று கடலுக்கடியில் பாறையில் வளர்வதை மூச்சைப் பிடித்து முங்கிப் பறித்து வருவார்கள். அகர் அகர் என்று ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் போடுவது மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவதுதான். சேலைக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, ஒவ்வொரு விரலிலும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிய கட்டு. அந்தக் கட்டை மீறியும் பாறை கீறிவிடும். திரும்பி வந்ததும் உப்புத்தண்ணி ஊறின விரலை மடக்க முடியாது, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால்தான் சாப்பிடுவார். அப்போதும் என்னிடம் "நீ சாப்டியாத்தா" என்பதுதான் முதல் பேச்சு.

பாசி வாங்குகிற ஏவாரி முன்பணம் கொடுத்திருப்பார். முன்பணம் வாங்கிவிட்டால் அவருக்குத்தான் போட வேண்டும். காயவைத்து, சிப்பி பொறுக்கி, மணல் உதறிக் கொண்டுபோனாலும் சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு என்று அவர் பாட்டுக்குப் பிடிப்பார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வருவார்கள். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளைக் காட்டி, "தெனமும் நான் சொல்றத இதுல எழுதுத்தா" என்றார். தேதி, நிறுத்த எடை, பிடித்த கழிவு, கைக்கு வந்த காசு, முன்பணத்தில் கழிந்தது என்று கோடு போட்டு எழுதினேன். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

சீசன் முடிகிற சமயத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை நேரே எடை போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். மற்ற பெண்களும் சாக்கோடு நிற்கிறார்கள். "வாசித்தா" என்றார். தொண்டை வறண்டுபோய் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். முன்பணத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது என்று எங்கள் நோட்டு சொன்னது, அவர் நோட்டில் அப்படி இல்லை. "சின்னப்புள்ள கிறுக்குனதெல்லாம் கணக்கா" என்றார் ஏவாரி. பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ஈரத்துக்குக் கழிங்க, மண்ணுக்குக் கழிங்க அண்ணே, என் கண்ணு முன்னால கழிங்க. அந்தப் புள்ள எழுதுனது தப்புன்னா எந்த வரி தப்புன்னு காட்டுங்க." அவர் காட்டவில்லை. பெரியம்மா சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதைப் பெரிய வீரமாகச் சொல்லவில்லை, அதன் பின்விளைவும் தெரிய வேண்டும். வேறு எந்த ஏவாரியும் அவர் பாசியை எடுக்கவில்லை, எல்லாரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். பாசி மூலையில் கிடந்தது. பெரியம்மா பனை ஓலைப் பெட்டி முடைந்து விற்றார், எங்கள் வீட்டில் கஞ்சிதான். அம்மா "சமாதானமாப் போயிருக்கக் கூடாதா" என்று அழுதார். கடைசியில் ஏவாரியே ஆள் அனுப்பினார், எங்கள் நோட்டின்படி கணக்கு நேரானது. அதற்கப்புறம் தெருவில் மற்ற பெண்களும் தங்கள் கணக்கை என்னிடம் எழுதச் சொன்னார்கள். இன்றைக்கு மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எந்த வரி தப்பு என்று கேட்பதுதான் என் தொழிலே.

எங்கள் மாவட்டத்தில் முன்மாதிரி என்று பேச்செடுத்தால் கலாம் ஐயா பெயர் வராமல் இருக்காது. அவர் பிறந்தநாள் அக்டோபர் 15 வந்தால் கட்டுரைப் போட்டி நடக்கும், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் தன் சின்ன வயதைப் பற்றிச் சொன்னதை ஒழுங்காகப் படித்தால் அப்பா ஜைனுலாப்தீன், அம்மா ஆஷியம்மாவோடு கதை முடிவதில்லை. அவரோடு உட்கார்ந்து படித்தவர்களின் உலகத்தைப் பற்றிப் பேசியவர் அக்கா வீட்டுக்காரர் ஜலாலுதீன். ரயிலிலிருந்து வீசுகிற பேப்பர் கட்டைப் பிடிக்கிற வேலை கொடுத்து முதல் சம்பாத்தியத்தைக் கையில் தந்தவர் உறவுக்காரர் சம்சுதீன். பறவை எப்படிப் பறக்கிறது என்று கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடும் போட்டவர் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் அக்கா ஜோஹரா. நல்ல அப்பா அம்மா இருந்தவருக்கே இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள். உனக்கு அப்பா அமையவில்லை என்றால் ஒரு ஆள் குறைவு, அவ்வளவுதான்.

பாசிக்காரப் பெண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். பாசி மறுபடி வளரட்டும் என்று அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்துக்கு 12 நாள்தான் போவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு அந்தப் பக்கம் போவதற்கே பயந்து பயந்து தொழில் பார்த்தவர்கள். 2015-ல் பாசிக்குப் போகிற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தபோது பெரியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "நம்மளயும் ஒருத்தன் பாத்துருக்கான்" என்றார்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. காலேஜ் சேரும்போது ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது என்று அம்மாவைத் திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். அப்பா எங்கே என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள், அம்மா தலையைக் குனிந்துகொள்வார். விட்டுவிட்டுப் போனவர் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு, சோறு போட்டவர் கையெழுத்துக்கு இல்லை. 2018 டிசம்பரிலிருந்து, அம்மா மட்டும் தனியாக வளர்க்கிற பிள்ளைக்குப் பான் அட்டையில் அப்பா பெயர் கட்டாயமில்லை. தங்கச்சி, இதைத் தெரிந்து வைத்துக்கொள். விண்ணப்பத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கிறது, அம்மா பெயரைத் தைரியமாகப் போடு. யாராவது முடியாது என்றால் எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேள்.

கடைசியாக, உன் கேள்வியின் விவரத்தில் அடைப்புக்குள் ஒரு வரி போட்டிருக்கிறாய், "பரீட்சை ஃபீஸ் பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா கட்டினாங்க" என்று. அந்த அக்காவைப் பற்றி ஏன் எதுவுமே எழுதவில்லை? தைத்த துணியை வாங்கிக்கொண்டு கூலி பாக்கி வைப்பவர்களிடம் அவர் எப்படிக் கேட்கிறார்? ஃபீஸைக் கொடுத்தபோது உன்னிடம் என்ன சொன்னார்? கமெண்டில் எழுது, எனக்கு அதைப் படிக்க வேண்டும்.