தோற்றவர்களை என்ன செய்வது?

அன்புள்ள அம்மா,

இருபது ஆண்டுகளாக ஹாக்கி பார்ப்பவன் நான். நம் மகளிர் அணி, உலகின் முன்னணி அணிகள் ஆடும் 2024-25 புரோ லீக்கில் ஒன்பது அணிகளில் ஒன்பதாவதாக வந்து, இரண்டாம் நிலைப் போட்டியான நேஷன்ஸ் கோப்பைக்குக் கீழிறக்கப்பட்டுவிட்டது. 2025 ஜூன் மாதம் ஐரோப்பாவில் ஆடியதில் ஒரு வெற்றிகூட இல்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அணி இது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

என் கருத்துகளை எழுதுகிறேன். பயிற்சியாளரை உடனே மாற்ற வேண்டும். கோலுக்கு அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடியான பெனால்டி கார்னருக்கு ஒரு வெளிநாட்டு நிபுணரைக் கொண்டுவர வேண்டும். நிர்வாகத்தில் பழைய வீரர்கள் அமர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தெட்டு வயதைத் தாண்டிய அத்தனை பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு ஜூனியர் அணியை அப்படியே சீனியர் அணியாக்க வேண்டும். அடிமாட்டுக்குப் போக வேண்டியவற்றை வைத்து ஏர் உழ முடியுமா? இந்த அணி தலைதூக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

என் மகளும் பள்ளி அணியில் ஆடுகிறாள், ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் ஒரு போட்டியில் ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள். அதிலிருந்து பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறாள்.

ம.,
சாத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. படித்தவுடன் கோபம் வந்தது. கோபத்தில் எழுத வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தபோது கடைசி மூன்று வரிகள் கண்ணில் பட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். நானும் கரிசல்காட்டுக்காரிதான். அடிமாடு என்ற பேச்சு எங்கள் வீட்டில் எப்போது எழும் என்று எனக்குத் தெரியும். மழை பொய்த்து, கூளமும் தீர்ந்துபோன ஒரு வருடம், எட்டு ஆண்டுகள் உழுத மாட்டின் கயிற்றைத் தரகர் கையில் கொடுத்துவிட்டு வந்த அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த மாட்டைப் பற்றி அவர் பேசியதும் இல்லை. அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, நாட்டுக்காக நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய பெண்கள் மேல் போடுகிறீர்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வாய் பழகிவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை இருக்கும்போது, தொலைக்காட்சி முன் அமர்ந்து என்ன பேசுகிறோம் என்ற கவனம் வேண்டும்.

உங்கள் யோசனைகளில் மூன்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வெளிநாட்டு நிபுணர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பழைய வீரர் நிர்வாகத்தில் வர வேண்டும் என்கிறீர்கள். ஹாக்கி இந்தியாவின் தலைவராக 2022இல் வந்தவர் மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய திலீப் திர்க்கி. பயிற்சியாளரை மாற்றுவது பற்றி: ரியோ ஒலிம்பிக்கின்போது ஹாகுட் இருந்தார். 2017 தொடக்கத்தில் மரைனே வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரை ஆண்கள் அணிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஹரேந்திர சிங்கைப் பெண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். 2018 மே மாதம் இருவரையும் மறுபடி இடம் மாற்றினார்கள். டோக்கியோவுக்குப் பின் ஷோப்மன். அவர் 2024இல் விலகியதும் மீண்டும் ஹரேந்திர சிங். இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் அணி ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை ஏறியது, ஒரே மனிதர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருந்த காலத்தில் மட்டும்தான். அடுத்தவர் பெயரைத் தேடுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

இனி அந்த இருபத்தெட்டு வயதுக் கணக்கு. இதை நான் எளிதில் விடப்போவதில்லை.

2016 ரியோ நினைவிருக்கிறதா? முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நம் பெண்கள் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். ஐந்து ஆட்டங்கள். ஜப்பானுடன் 2-2 சமன், மற்ற நான்கிலும் தோல்வி. போட்டது மூன்று கோல், வாங்கியது பத்தொன்பது. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். அன்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் இதே யோசனையைத்தான் எழுதியிருப்பீர்கள். அன்று பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பத்தொன்பது கோல்களும் விழுந்தபோது கம்பங்களுக்கு நடுவே நின்றவர் சவிதா. ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவிலும் அவர்தான் நின்றார். ரியோவில் ஆடியவர்களில் எட்டுப் பேர் டோக்கியோ அணியில் இருந்தார்கள். ராணி ராம்பால், வந்தனா கட்டாரியா, தீப் கிரேஸ் எக்கா, சுஷீலா சானு, மோனிகா, நிக்கி பிரதான், நவ்ஜோத் கௌர், சவிதா. கடைசி இடத்தின் கசப்பு அந்த எட்டுப் பேர் உடம்பில் இருந்தது. டோக்கியோவிலும் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றார்கள். நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது அயர்லாந்தை 1-0 என்று வென்றார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா மூன்று கோல் போட்டார். அப்போது அவருக்கு வயது 29. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நின்றபோது சவிதாவுக்கு 31. உங்கள் சட்டப்படி அவர்கள் இருவரும் அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

இளைஞர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலிறுதியின் ஒரே கோலைப் பெனால்டி கார்னரில் போட்ட குர்ஜித் கௌர் ரியோவுக்குப் போகாதவர். லால்ரெம்சியாமி, சலிமா டேட்டே எல்லாம் அப்போது சிறு பிள்ளைகள். பெரியவர்களுக்கு நடுவில் நின்று ஆடியதால்தான் அவர்கள் ஆடினார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகாவில் மூங்கில் மட்டையோடு தொடங்கிய ஒரு பெண், பத்தொன்பது வயதில் ஆஸ்திரேலியாவின் முன் நிற்கும்போது, பின்னாலிருந்து "இடது பக்கம் பார்" என்று கத்த ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் பயிற்சி முகாமில் தானாக உண்டாவதில்லை. நூறு தோல்விகளில் உண்டாவது அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது. டோக்கியோவில் தலைவியாக இருந்த ராணி அதன்பின் அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்து, 2024 அக்டோபரில் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். 2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தபோது குர்ஜித் அணியில் இல்லை, தீப் கிரேஸ் இல்லை, வந்தனா காயத்தால் இல்லை. ஜெர்மனியுடன் அரையிறுதியில் 2-2 என்று சமன் செய்து ஷூட் அவுட்டில் தோற்றார்கள். கடைசி வாய்ப்பாக ஜப்பானுடன் ஆட்டம். பெனால்டி கார்னர்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன, அடித்துக் கோலாக்க ஆள் இல்லை. 0-1. பாரிஸ் போயிற்று. அன்று நான் விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆக, மூத்தவர்கள் நிறைந்திருந்ததால் இந்த அணி இறங்கவில்லை. மூத்தவர் ஒவ்வொருவராகக் கழன்றபோது அந்த இடத்தில் நிற்க இரண்டாவது ஆளை யாரும் தயார் செய்து வைக்கவில்லை. பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக்கே 2025 ஜனவரியில்தான், நான்கு அணிகளோடு தொடங்கியது. ஆண்களுக்கு அது வந்தது 2013இல்.

டோக்கியோ அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று ஹரித்வார் அருகே வந்தனாவின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அந்தப் பெண் சில மாதங்களுக்கு முன்புதான் தகப்பனை இழந்திருந்தாள். முகாமில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கவும் போக முடியவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி களத்தில் இறங்கினாள். உங்கள் சொல்லும் அந்தப் பட்டாசும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றவளைப் பார்த்ததும் துரத்தக் கை ஓங்குகிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

1982 டெல்லி ஆசியப் போட்டியில் நம் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றார்கள். அதே போட்டியில் ஆண்கள் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றார்கள். பெண்களின் தங்கம் மறந்துபோயிற்று. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியின் பெயர் மட்டும் ஊர் ஊராகப் பரவியது. துரோகி என்றார்கள். ஆனால் எங்கள் பி.டி. டீச்சருக்குப் பெண்களின் தங்கம்தான் நினைவில் நின்றது. அடுத்த ஆண்டே எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஓர் அணி தொடங்கினார். எட்டு மட்டைகள், அவற்றில் மூன்று நூல்கயிறு சுற்றியவை. அரைப்பாவாடை தைக்க வீடுகளில் சண்டை. கோல்கீப்பருக்குக் காலில் கட்டப் பையன்களின் பழைய கிரிக்கெட் பேடு. கரிசல் தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. நான் பேக், அதாவது தற்காப்பில் ஆடினேன். என் பின்னால் கோலில் நின்றவள் என் தோழி. பெயரை எழுதினால் வருத்தப்படுவாள்.

அணி தொடங்கி ஐந்தாவது மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் முதல் போட்டி. ஏழு கோல் வாங்கினோம். சரியாக ஏழு. பார்க்க வந்திருந்த பையன்கள் அவளை "நேகி, நேகி" என்று கத்தினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. பையிலிருந்து சுண்ணாம்புக்கட்டி எடுத்து, முன் இருக்கையின் தகர முதுகில் ஒரு கோல் கம்பம் வரைந்தார். "முதல் கோல் எங்கே வந்தது, காட்டு" என்றார். அவள் அழுதுகொண்டே காட்டினாள். ஏழு புள்ளிகள். அவற்றில் ஐந்து அவளுக்கு வலது பக்கம், தரையோடு. "உனக்கு வலது கால் தாமதமாக நகர்கிறது. அவ்வளவுதான். திங்கட்கிழமை அதற்குப் பயிற்சி வைத்துக்கொள்வோம்" என்றார். கயத்தாறு தாண்டும்போது அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைப் பயிற்சி நடக்கவில்லை. ஏழு கோல் வாங்கிப் பள்ளியின் மானத்தை விற்றவர்களுக்கு மட்டை எதற்கு என்று நிர்வாகத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். எட்டு மட்டைகளும் அறிவியல் கூடத்து அலமாரிக்குள் போயின. டீச்சர் இரண்டு முறை போய்க் கேட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றலாகிவிட்டது. தோழி பத்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். நேகியாவது 1998 பாங்காக்கில் தங்கம் வென்ற அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். இவளுக்கு அந்த ஒரு திங்கட்கிழமை கிடைக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 2, காலை எட்டரை மணிக்கு ஆஸ்திரேலியாவுடன் காலிறுதி. அவளைத் தொலைபேசியில் அழைத்து, போட்டுப் பார் என்றேன். அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கால்பகுதியில் ஆஸ்திரேலியா பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னராக வாங்க, சவிதா ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பேசாமல் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தோம். ஊதல் ஒலித்து, அங்கே எல்லாரும் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிய பிறகு அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளையின் வலது காலைக் கவனித்தாயா? பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் முன்னே நகர்ந்துவிடுகிறது."

முப்பத்தெட்டு ஆண்டுகள், ம. அவள் இன்னும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். ரியோவிலிருந்து டோக்கியோவுக்கு ஐந்து ஆனது, ஆட்களை வைத்துக்கொண்டு. அவர்களை அனுப்பிவிட்டால் எத்தனை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று எழுதவில்லை. கோல்கீப்பராக இருப்பாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எந்த இடமானாலும் சரி, இன்று மாலை அவளிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஆறு கோல்களும் எங்கே வந்தன என்று வரையச் சொல்லுங்கள். ஏன் தோற்றீர்கள் என்று கேட்காதீர்கள், எங்கே வந்தன என்று மட்டும் கேளுங்கள். ஆறும் அவளுக்கு நினைவிருக்கும். உங்கள் கடிதத்தை என் தோழிக்குப் படித்துக் காட்டினேன், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு. கோவில்பட்டியில்தான் இருக்கிறாள், உங்களுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேலை இல்லை. பிள்ளையையும் அந்தத் தாளையும் அழைத்து வரச் சொன்னாள்.