குவெட்டா 1935: சுவருக்குள் கம்பி வந்த கதை (கேள்வி பதில்)

கவிதா: சார், குவெட்டாவில் என்ன நடந்தது?

1935 மே 31, அதிகாலை மூன்று மணி. ஊர் உறக்கத்தில் இருந்தபோது 7.7 அளவில் நிலம் குலுங்கியது. பலூசிஸ்தானின் அந்த நகரம் (அன்று பிரிட்டிஷ் இந்தியா, இன்று பாகிஸ்தான்) தரைமட்டமானது. இறந்தவர்கள் குறைந்தது 30,000 பேர் என்பார்கள்.

பாஸ்கர்: அத்தனை உயிர் போனதற்கு நடுக்கத்தின் வேகம்தானே காரணம்?

வேகத்தைவிடச் சுவர்தான் காரணம், பாஸ்கர். பச்சைச் செங்கலோ சுட்ட செங்கலோ, பெரும்பாலும் மண் சாந்தில் கட்டிய வீடுகள். மண் சாந்து மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் அசைத்தால் கல்லைப் பிடித்துக்கொள்ளாது. காய்ந்த மண் சாந்தை நகத்தால் கீறிப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிரும். மூலை பிரிந்ததும் ஒவ்வொரு சுவரும் தன்பாட்டுக்கு வெளியே சாயும். கூரை நேராக உள்ளே இறங்கும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடவும் நேரமில்லை.

நசீர்: ரயில்வே குடியிருப்புகள் சில மட்டும் தப்பித்தனவாமே, உண்மையா ஐயா?

உண்மைதான் தம்பி. இதைச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை. 1931-ல் பக்கத்தில் இருக்கிற மாச் பகுதியில் ஒரு பெரிய நடுக்கம். அதன்பிறகு ரயில்வே வீடுகளைக் கட்டும் வேலை எஸ்.எல்.குமார் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. வீட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலும் நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டார். அதாவது 100 டன் வீடு என்றால் 10 டன் தள்ளு. செங்கல் வேலையை இரும்போடு பிணைத்தார். 1933-ல் தன் முறையைக் கட்டுரையாகவும் எழுதினார். இரண்டே வருடத்தில் பூமியே பரீட்சை வைத்தது. அந்த வீடுகள் நின்றன. இந்த மனிதரின் பெயர் நம் பொறியியல் மாணவர்கள் பலருக்குத் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

செல்வி: ‘குவெட்டா பாண்டு’ என்கிறார்களே, அது என்ன?

பாண்டு என்றால் செங்கலை அடுக்கும் முறை. இது ஒன்றரைக் கல் கனத்தில் எழுப்பும் சுவர். கல் அடுக்கும்போதே சுவரின் நடுவில் சின்னச் சின்னக் குழிகளை விட்டுக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு குழியும் வரிசைக்கு வரிசை நேராக மேலேறும். அதற்குள் கம்பியை நிமிர்த்தி வைத்து, சுவர் உயர உயரக் கலவையை ஊற்றிக் குத்தி நிரப்பவேண்டும். கொத்தனார் ஒரு வரிசையில் கல்லை மாற்றி வைத்தால் குழி அடைபட்டுவிடும், கம்பி இருந்தும் பயனில்லை. ஆகவே பக்கத்திலேயே நின்று பார்க்கவேண்டிய வேலை இது.

பாஸ்கர்: நடுக்கத்தைத் தாங்கும்படி கட்டவேண்டும் என்பது சட்டமாக வந்ததா?

வந்தது. 1937-ல் குவெட்டா நகராட்சிக்குக் கட்டட விதி. நடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கு இந்தியா முழுமைக்குமான தரநிலை (அதன் எண் ஐ.எஸ். 1893) 1962-ல்தான் வெளிவந்தது.

செல்வி: பழைய சுவர் ஒன்று குவெட்டா பாண்டா இல்லையா என்று பார்த்தால் தெரியுமா சார்?

தெரியாதும்மா. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பிளெமிஷ் பாண்டு (ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல்லை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்கும் முறை) மாதிரியேதான் இருக்கும். இடித்துப் பார்க்க வேண்டாம். கம்பி கண்டுபிடிக்கும் கருவியைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், கம்பி இருக்கிற இடத்தில் அது காட்டிவிடும்.