யார் பார்த்தது இதை?

(திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, செக்கிங், சூப்பர்வைசர் என்று ஏறி, புரொடக்‌ஷன் மேனேஜராக ஓய்வு பெற்ற ‘அக்கா’, வேலையிடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், 30 பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு போனஸ், ஒரு கிலோ ஸ்வீட், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்று யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. லீவு முடிந்து பார்த்தால் நாலு டெய்லர்கள் பக்கத்து கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஷிப்ட்டுக்குப் பத்து ரூபாய்கூட அதிகம் இல்லை. இவர்களுக்கு நன்றியே கிடையாதா?
ஓர் உரிமையாளர், அவிநாசி

தம்பி, முதலில் போனஸைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது 1965-லேயே சட்டமாகிவிட்ட விஷயம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், சம்பள வரம்புக்குள் வருகிற ஆள் வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும். இழுத்தடிக்கிற ஆட்கள் இருக்கிற ஊரில் நீங்கள் ஒழுங்காகக் கொடுத்தீர்கள், சந்தோஷம். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்ப்பது, நான் கரண்ட் பில் கட்டினேனே, ஈ.பி.காரர் வந்து ஒரு கும்பிடு போடவில்லையே என்று வருத்தப்படுகிற மாதிரி.

டிபன் பாக்ஸ் வேறு விஷயம். அதைக் கையில் கொடுத்தது யார்? நீங்களா, இல்லை அக்கவுண்ட்ஸ் பையன் கேட் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தானா?

என் மகள் தமிழ் டீச்சர். அவள் பாடம் தயார் செய்யும்போது சத்தமாகப் படிப்பாள். எட்டாவதோடு நின்ற எனக்குப் புறநானூறு கொஞ்சம் தெரியும் என்றால் அந்தப் புண்ணியம்தான். பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர், மலையெல்லாம் தாண்டி அதியமானிடம் பரிசில் கேட்டுப் போகிறார். மன்னன் நேரில் பார்க்காமல், ‘இதை வாங்கிக்கொண்டு போகட்டும்’ என்று பொருளை அனுப்பி வைக்கிறான். புலவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமலே கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, என் தகுதி தெரிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்று பாட்டாகவே சொல்லிவிடுகிறார். 208-வது பாட்டு. உங்கள் நாலு டெய்லருக்கும் பாட்டு எழுத வராது. பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

நான் கைமடியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி, நூல் வெட்டி அடுக்குகிற வேலை. பனியன் கம்பெனியில் அதற்குக் கீழே வேலை கிடையாது. ஒருநாள் நேவி ப்ளூ டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கும்போது டி-ஷர்ட்டின் கைத் துணி ஒரு நிறமாகவும் உடம்புத் துணி ஒரு நிறமாகவும் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. டியூப் லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தால் கை மட்டும் லேசாகச் சிவப்பு ஓடுகிறது. வேறு வேறு டையிங் லாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி, கட்டிங்கில் கலந்திருக்கிறது. பயந்துகொண்டே கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, லைனை நிறுத்தச் சொன்னார்.

முதலாளி இறங்கி வந்தார். “யார் பார்த்தது இதை?” என்றார். யாரோ திட்டு வாங்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாஸ்டர் என்னைக் காட்டினார். முதலாளி காசு எடுத்து நீட்டவில்லை, தோளில் தட்டவில்லை. பீஸை என் கையில் கொடுத்து, “எப்படிக் கண்டுபிடிச்சே, காட்டு” என்றார். வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் புது லாட் பிரிக்கும்போதெல்லாம் மாஸ்டர், “அந்தப் புள்ளையைக் கூப்பிடு, ஒரு தடவை பார்க்கட்டும்” என்பார். எனக்கு அப்போது வயது 17. அந்தக் கம்பெனியில் 11 வருடம் இருந்தேன். கூலி அதிகம் தருகிறோம் என்று இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. (அதில் போன காசை எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் கணக்குப் போட்டுச் சொல்லிக்காட்டுவார்.)

அதற்காகக் கூலியைக் குறைத்துவிட்டு வாயால் பாராட்டிச் சமாளிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 என்ஜினியர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி 1959-ல் எழுதியதை எனக்கு ஒரு டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் சரியில்லை என்றால் மனசு கசக்கும். சரியாக இருந்தால் கசப்பு போகும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆசையாக வேலை செய்ய வைப்பது, ஒன்றை முடித்த திருப்தியும் அதை இன்னொருவர் கவனித்ததும்தான் என்றார். எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. என் அனுபவத்துக்குச் சரியாக இருக்கிறது.

நாளைக்கு எட்டரை மணிக்கு நேராக ஆபீஸ் ரூமுக்குப் போகாமல் லைன் பக்கம் போய் நில்லுங்கள். மிச்சம் இருக்கிற 26 பேரில் யாருக்கு எது கைவந்த வேலை என்று உங்களால் எத்தனை பேருக்குச் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். பத்துக்குள் நின்றுவிட்டால், அடுத்த தீபாவளிக்கும் பக்கத்து கம்பெனிக்காரர்தான் சந்தோஷப்படுவார்.

என் லைனில் ஒரு பெண் டெய்லர், வயது 22. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கிற இழுவைப் பட்டை) அவ்வளவு சுத்தமாக வைப்பார். ஒருநாள் எல்லோர் முன்னாலும், “சூப்பர்ங்க, உங்களை மாதிரி இங்க யாராலும் தைக்க முடியாது” என்றேன். மறுநாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாராட்டியது தப்பா?
26 வயது சூப்பர்வைசர், பல்லடம்

பாராட்டியது தப்பில்லை கண்ணு, சொன்ன விதத்தில் இரண்டு கோளாறு இருக்கிறது. ‘யாராலும் முடியாது’ என்று சொன்னதில் அந்த லைனில் இருக்கிற மற்ற அத்தனை பேரையும் மட்டம் தட்டிவிட்டீர்கள். மத்தியானம் அந்தப் பெண் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்? அடுத்தது, உங்களுக்கு 26, அவளுக்கு 22. சாயங்காலம் கம்பெனி வேன் பல்லடம் தாண்டுவதற்குள், “சூப்பர்வைசருக்கு அவ மேல ஒரு கண்ணு” என்று பேச்சு கிளம்பியிருக்கும். அது அவள் வீட்டுக்குப் போனால் வேலையே போய்விடும். அவள் பேசாமல் இருப்பது கோபத்தால் இல்லை, வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

இனிமேல் ஆளைப் பார்த்துப் பேசாதீர்கள், பீஸைக் காட்டிப் பேசுங்கள். “ரிப் இழுப்பு சுத்தி ஒரே சீரா இருக்கு, தோள் ஜாயின்ட்டில் சுருக்கம் இல்லை, நேத்து இந்த ஆபரேஷனில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரலை.” இதைச் சொல்லும்போது செக்கிங் அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

செக்கிங் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாங்கள் அம்புக்குறி ஸ்டிக்கரைத் தப்பு இருக்கிற இடத்தில்தான் ஒட்டுவோம். 100 பீஸில் 97 நன்றாக வந்தால் அந்த 97 பெட்டிக்குள் போய்விடும்; திரும்பி வருகிற மூன்றைத் தூக்கிக்கொண்டு நாங்கள் லைனுக்கு ஓடுவோம். செக்கிங்காரி வருகிறாள் என்றாலே டெய்லர்கள் முகம் சுருங்கும். நான் சூப்பர்வைசர் ஆன பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கூலி போடுவதற்கு முன்னால், ஸ்டிக்கரே ஒட்டாத பண்டல் யாருடையது என்று பண்டல் கார்டைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். லைனோடு நடந்து போகும்போது அந்த மெஷின் பக்கம் நின்று, “இந்த வாரம் உன் பண்டலில் நான் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலை” என்பேன். அவ்வளவுதான், அடுத்த மெஷினுக்குப் போய்விடுவேன். முதல் வாரம் ஒருத்தி, “ஏனுங்க்கா, ஸ்டிக்கர் தீந்து போச்சுங்களா?” என்று கேட்டாள்.

பாராட்டினால் தலையில் ஏறிக்கொண்டு சம்பள உயர்வு கேட்பார்களே?
ஒரு மில் மேலாளர், உடுமலை

கேட்பார்கள். பாராட்டாவிட்டாலும் கேட்பார்கள். பாராட்டப்பட்டவர் உங்களிடம் கேட்பார், மற்றவர் அடுத்த மில்லில் போய்க் கேட்பார்.

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று போட்டோ வைத்து 1,000 ரூபாய் வவுச்சர் தருகிறோம். யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. தொகையைக் கூட்டினால் சரியாகுமா?
மனிதவளப் பிரிவு ஊழியர், கோவை

கம்ப்யூட்டர் கம்பெனி எனக்குத் தெரியாது அம்மணி. ஆனால் அந்த போர்டு தெரியும், நாங்களும் மாட்டினோம். ஒரு டி-ஷர்ட் தோள் ஜாயின்ட், கழுத்து, கை, சைடு, பாட்டம் மடிப்பு, லேபிள் என்று எத்தனையோ கை மாறி வருகிறது. இதில் யார் சிறந்தவர்? முதல் மாதம் வேகமான ஓவர்லாக் டெய்லருக்குக் கொடுத்தோம். இரண்டாவது மாதம் முதலாளிக்குச் சொந்தக்காரப் பையனுக்கு. மூன்றாவது மாதத்திலிருந்து சண்டை வராமல் இருக்க முறை வைத்துக் கொடுத்தோம், ரேஷன் கடை மாதிரி. கொஞ்ச நாளில் அந்த போர்டில் தீயணைப்பு நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். அதையாவது நாலு பேர் படித்தார்கள்.

தொகையைக் கூட்டாதீர்கள். மகள் பி.எட். படித்தபோது சொன்ன 1973-ம் வருட அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று நர்சரிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், ஆசையாக வரைந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வரைவது குறைந்துவிட்டதாம். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. வவுச்சரை நிறுத்திவிட்டு, வாரக் கடைசி மீட்டிங்கில் ஒவ்வொருவரையும், “இந்த வாரம் உங்களுக்கு யார் எதில் கைகொடுத்தாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். மேனேஜர் கண்ணில் படாத பேர், கூட வேலை செய்கிறவர்கள் வாயில் வந்துவிடும்.

எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாமல் எப்படிப் பாராட்டுவது?
பேக்கிங் சூப்பர்வைசர், ஊத்துக்குளி

ஒடிசாக்காரரை ‘இந்திக்காரன்’ என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். அவர் பேசுவது ஒடியா. என்னை யாராவது சூரத் மில்லில் வைத்து ‘தெலுங்குக்காரி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேனா? பேரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், ‘ஏ பையா’ வேண்டாம். அப்புறம் பண்டிகை. பீகார் ஆட்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வருகிற சட் பூஜை பெரிது. நாம் தீபாவளிக்கு லீவு விட்டு, சரியாக அந்த நாளில் ‘உடனே வா’ என்று போன் போடுவோம். ஒரு வருடம் நானே, “சட் முடிஞ்சு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். போனவர்களில் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் தேக்குவா கொண்டுவந்தார்கள், கோதுமை மாவில் வெல்லம் போட்டுப் பொரித்தது. பல்லுக்குக் கொஞ்சம் கஷ்டம், ருசி அருமை.

ஒரு பீஸுக்கு என்ன செலவாகும் என்று நான் போடுகிற காஸ்டிங் ஷீட்டை என் மேலதிகாரி தன் பேரில் காட்டிப் பேர் வாங்குகிறார். சொன்னால் வேலைக்கு ஆபத்து. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.
மெர்ச்சண்டைசிங் உதவியாளர், திருப்பூர்

சண்டை போடாதீர்கள். ஷீட்டைக் கையில் கொடுக்காமல் உங்கள் மெயிலிலிருந்து அனுப்புங்கள். யார் போட்டது, எந்தத் தேதி என்பது அதிலேயே இருக்கும். மீட்டிங்கில் கேள்வி வந்தால், “நான் போட்டப்போ நூல் விலை இவ்வளவு இருந்துச்சு சார்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். ஆறு மாதத்தில் மாறவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், இந்தத் தொழிலில் காஸ்டிங் தெரிந்த ஆளுக்கு வேலை கிடைக்காமல் போகாது. இடையில் ஒன்று: அந்த ஷீட்டுக்கு உங்களுக்குத் துணியின் எடையைப் பார்த்துச் சொன்ன ஆளின் பேரை நீங்கள் எங்கேயாவது சொன்னீர்களா?

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒரு கம்பெனியில் கப்பல் தேதி தவற இருந்த ஒரு ஆர்டரை, மூன்று ராத்திரி லைனை ஓட்டி, பேக்கிங் முடித்து அனுப்பினோம். வெளிநாட்டு பையரிடமிருந்து பாராட்டி மெயில் வந்ததாம். ஏ.சி. ரூமில் கேக் வெட்டினார்கள். தளத்தில் இருந்த எங்களுக்கு, உள்ளே டீ கொண்டுபோன பையன் வந்து சொல்லித்தான் தெரியும். டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பேப்பர் தட்டில் ஒரு துண்டை மறைத்து எடுத்து வந்து என் டேபிளில் வைத்தான்.

“உங்க லைன்தானேக்கா அது, நான் ராத்திரி டீ கொண்டாந்தப்ப பார்த்தேனே” என்றான்.