கீட்டோவில் எடை குறைந்தது, வயிறு கெட்டது: என்ன செய்வது?

கேள்வி: வயது 38. இரண்டு மாதமாகக் கீட்டோவில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) இருக்கிறேன். ஒரு நாளுக்கு 30 கிராம் மாவுச்சத்து என்று வரம்பு. எடை 5 கிலோ குறைந்துவிட்டது, ஆனால் வயிறு சரியில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறைதான் மலம் போகிறது, அதுவும் இறுகி. சில நாள் தலைகீழாக, பேதி மாதிரி. காலையில் பட்டர் காபி, நாலு முட்டை, மதியம் சிக்கன், இரவு பனீர், இடையில் கீட்டோ சாக்லேட். புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா? மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை எடுக்கிறார். அவரும் இதில் சேரலாமா?

பதில்: நீங்கள் எழுதிய பட்டியலை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு காய்கூட இல்லை. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான். மாத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக வகுத்த உணவுமுறைதான் கீட்டோ. இன்றும் வலிப்புக்காக இதைப் பின்பற்றும் குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் தொந்தரவுகளில் மலச்சிக்கலும் ஒன்று.

முதல் காரணம் தண்ணீர் குறைவது. மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பில் சேர்த்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு கரைகிறது. அதோடு ஒட்டியிருந்த நீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீர்தான் என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆகவே ஒரு நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட எலும்பு சூப் அல்லது மோர் ஒரு டம்ளர். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

அடுத்தது நார்ச்சத்து. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். முட்டை, சிக்கன், பனீர், வெண்ணெய் எதிலும் அது கிடையாது. பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இந்த நார்தான் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தில்தான் பெருங்குடலின் உள்சுவர் செல்கள் பிழைக்கின்றன. கீட்டோவில் இருப்பவர்களின் குடலில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா வகை குறைவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ‘நெய்யிலேயே அந்த பியூட்டிரேட் (பியூட்டிரிக் அமிலம்) இருக்கிறதே’ என்று சிலர் மடக்குவார்கள். இருக்கிறது, ஆனால் அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடல் வரை போய்ச் சேராது.

காயை ஏன் ஒதுக்கினீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அமெரிக்க உணவுக் கணக்குச் செயலிகளில் காட்டும் மொத்த மாவுச்சத்தில் நாரும் சேர்ந்தே இருக்கும். அதைக் கழித்தால்தான் நெட் கார்ப். கழிக்காமல் பார்த்தால் வெண்டைக்காய்கூட எதிரியாகத் தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் நாரைக் கழித்த கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே இன்னொரு முறை கழித்துவிடாதீர்கள்.

இப்போது தட்டைப் பாருங்கள். வெண்டைக்காய்ப் பொரியல் 150 கிராம், ஒரு தேங்காய் மூடியில் பாதியளவு துருவல், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, சுரைக்காயோ புடலங்காயோ ஒரு கூட்டு (பருப்பில்லாமல்), 25 பாதாம், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி. நார் 20 கிராமுக்கு மேல் வந்துவிடும்; நெட் கார்ப் சுமார் 20 கிராம்தான். உங்கள் வரம்புக்குள் முட்டைக்கும் பனீருக்கும் இடம் இருக்கிறது. பேலியோ (இதே போல மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை) குழுக்களில் சொல்லும் ‘100 பாதாம்’ நாருக்கு நல்லதுதான், ஆனால் அதில் மட்டும் 700 கலோரி அளவுக்கு இருக்கிறது. எடை குறைவது நின்றுபோனால் அதையும் யோசியுங்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு மாதம் நாரே பார்க்காத குடலில் திடீரென்று கொட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். முதல் வாரம் மதியம் ஒரு பொரியல், அடுத்த வாரம் கீரை என்று கூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இசப்கோல் ஒரு தேக்கரண்டி, பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அது இன்னும் அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பேதிக்கு எனக்குச் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று சாக்லேட். உறைக்குப் பின்னால் மால்டிடால், சார்பிடால் என்று இருந்தால், அந்த இனிப்பு முழுதாக உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி நீரை இழுக்கும், வாயுவும் கட்டும். இன்னொன்று வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடிக்கும் பட்டர் காபி. இரண்டையும் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். பித்தப்பை எடுத்தவர்களுக்கு இப்படி மொத்தமாகக் கொழுப்பு இறங்கினால் பேதி இன்னும் சுலபமாக வரும்.

மாத்திரைக்கு முன்னால் வீட்டுத் தயிர். அரை கப்பில் 3 முதல் 5 கிராம் மாவுச்சத்து, அவ்வளவுதான். மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், அதனால் அப்படியே சாப்பிடுங்கள். பழைய சோறு இதில் இல்லையே என்ற ஏக்கம் எனக்கும் புரிகிறது. இந்த வரம்பில் அதற்கு இடம் கிடையாது. புரோபயாடிக் மாத்திரை கேடில்லை, ஆனால் நார் இல்லாத குடலில் அது தங்கி வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், வாந்தியோடு காற்றுகூடப் பிரியாத வயிற்றுவலி இவற்றில் ஏதாவது இருந்தால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மனைவி விஷயம்: இப்போதைக்கு வேண்டாம். அவர் மாத்திரை அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் பெயர் இருந்தால், கீட்டோவோடு சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்போது சர்க்கரை அளவு அவ்வளவாக உயர்ந்திருக்காது என்பதால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தாலும் அஜீரணம் என்று விட்டுவிடுவார்கள். கிளிமிபிரைடோ இன்சுலினோ என்றால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகும். அட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரைப் பாருங்கள். மருந்தளவை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அவர் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.