கேள்வி-பதில்: கிரவுன், கிராஸ், துண்டுச் சீட்டு

(லாரி, வேன் உதிரிபாகங்கள் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எங்கள் ஆறு சக்கர லாரியில் கிரவுனின் (பின் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரம்) பல் உடைந்துவிட்டதால், வண்டியின் மாடலைச் சொல்லிப் புதிய கிரவுன்-பினியன் (பினியன்: கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) செட் வாங்கிப் பூட்டினோம். இப்போது மேட்டில் நன்றாக இழுக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் என்ஜின் கத்துகிறது, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டுகிறது. கடைக்காரர், "அந்த மாடலுக்கு உள்ளதுதான்" என்கிறார். – லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் பாதி விவரத்தோடு கடைக்குப் போயிருக்கிறீர்கள். ஒரே பெயரில் ஓடும் லாரிக்கு, ஏற்றும் எடையையும் ஓடும் தடத்தையும் பொறுத்து ஒன்றுக்கு மேற்பட்ட ரேஷியோக்களில் கிரவுன்-பினியன் வருவது வழக்கம். கிரவுன் பல்லின் எண்ணிக்கையைப் பினியன் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ரேஷியோ. பழையது 41-க்கு 8 என்றால் 5.125, புதியது 41-க்கு 7 என்றால் 5.857. பினியனில் ஒரு பல் குறைந்ததால், அதே வேகத்துக்கு என்ஜின் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. மீட்டருக்கான கணக்கு கியர்பெட்டியிலிருந்து போகும் வண்டியானால், உண்மையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மீட்டர் 57 என்று காட்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்.

பல் எண்ணிக்கை பெரும்பாலும் பினியனின் முகத்திலோ கிரவுனின் விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றிய பழைய செட்டைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் உடைந்த பல்லையும் சேர்த்து எண்ணுங்கள். ஹவுசிங்கைத் திறக்காமலே அறியவும் வழி உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்பக்கம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் (கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு வரும் சுழல்தண்டு) சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் நிற்பதால் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) அந்த இரண்டு சுற்றை கிரவுனின் ஒரு சுற்றாக்கிவிடும். ஆகவே அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. ஐந்து சுற்றும் ஒரு சிறு துண்டும் வருகிறதா, ஏறக்குறைய ஆறு சுற்று வருகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், நிறுவனத்தின் உதிரிபாகக் கையேட்டில் உங்கள் வண்டி ஆலையிலிருந்து எந்த ரேஷியோவோடு வெளியே வந்தது என்று பார்த்துச் சொல்வார்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கக்கூடும் என்பதால், பல்லையும் எண்ணியே தீர வேண்டும். பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. வித்தியாசத் தொகை கொடுத்து மாற்றிக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். தொப்பூர் போன்ற மலைச்சாலைகளில் முழுப் பாரத்தோடு ஏறுவதே உங்கள் பிழைப்பு என்றால், இந்த ரேஷியோவே இருந்துவிட்டுப் போகட்டும். மீட்டரை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிரவுன் நன்றாக இருக்கிறது, பினியன் மட்டும் தேய்ந்துவிட்டது. பினியனை மட்டும் வாங்கலாமா? – தருமபுரி

பதில்: கூடாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு உராய்த்து, ஒரே ஜோடி எண்ணைப் பொறித்துத்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள்.

கேள்வி: புரொப்பெல்லர் ஷாஃப்டில் 'கிராஸ்' (மூட்டிலுள்ள சிலுவை வடிவப் பாகம்) போய்விட்டது. பழையதைப் பட்டறைப் பையன் எடைக்குப் போட்டுவிட்டான். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்கியது யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. இரண்டாவதாக வாங்கியது நுழையவே இல்லை. மூன்றாவது நுழைந்தது, ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி முழுவதும் அதிர்கிறது. தரமற்ற பொருள் என்று புகார் கொடுக்கலாமா? – ஈரோடு

பதில்: முதலிரண்டு கிராஸ்களுக்காக யார் மீது புகார் கொடுப்பீர்கள்? பழைய பொருளைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதற்கு என்ன கேடு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கிராஸுக்கு முக்கியமான அளவுகள் இரண்டு: பேரிங் கப்பின் வெளிவிட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரையிலான நீளம். இரண்டையும் வெர்னியர் காலிபரால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். அத்துடன் சர்க்கிளிப் கப்புக்கு வெளியே உட்காருகிறதா உள்ளே உட்காருகிறதா, கிரீஸ் நிப்பிள் நடுவில் இருக்கிறதா கப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழையது போய்விட்டால் யோக்கின் துளையை அளக்கலாம். அதற்கும் நீங்கள் கடைக்குப் புறப்படும் முன் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும்.

அதிர்வு பெரும்பாலும் பூட்டியவரின் கைவேலை. சாய்ந்து நிற்கும் ஒரு கிராஸ், சீரான சுற்றை வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும் சுற்றாகக் கொடுக்கிறது. மறுமுனையிலுள்ள கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட வேண்டுமானால், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஸ்லிப் யோக்கை (ஷாஃப்டின் பல்வரிகளில் முன்பின் நகரும் யோக்) கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் மாறினாலும் அது கெட்டுவிடும். இதற்காகவே யோக்கிலும் குழாயிலும் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். சேற்றைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள், இரண்டும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் செலவின்றியே சரியாகிவிடும். குறி பொருந்தியிருந்தும் அதிர்ந்தால், ஷாஃப்டை பேலன்சிங் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். இனிமேல் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பின் ஓரத்திலும் புது கிரீஸ் பிதுங்குகிறதா என்று பாருங்கள். மூன்றில் பிதுங்கி ஒன்றில் வரவில்லையானால், அடுத்து போகப்போவது அந்தக் கப்புதான்.

கேள்வி: காய்கறி ஏற்றும் பிக்கப் வேனை நானே ஓட்டுகிறேன், வேறு வருமானம் இல்லை. பிரபல நிறுவனத்தின் பெட்டியில் இருந்த கிளட்ச் பிளேட் செட் வாங்கினேன். பில் போட்டால் விலைக்கு மேல் 28 சதவீதம் வரி என்று சொல்லி, துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் லைனிங் பெயர்ந்துவிட்டது. கடையில், "நீ கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டியிருப்பாய்" என்று ஏசுகிறார்கள். நிறுவனத்தின் சேவை மையத்திலோ, "இது எங்கள் பொருளே இல்லை" என்கிறார்கள். – திருச்செங்கோடு

பதில்: உங்கள் பணத்தையும் எடுத்துக்கொண்டு, பழியையும் உங்கள் காலின் மீது போட்டிருக்கிறார்கள். முதலில் அந்தப் பிளேட்டைப் பாருங்கள். கிளட்ச் மீது கால் வைத்தே ஓட்டியிருந்தால் லைனிங் கனம் குறைந்து, ரிவெட் தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்து, பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். கனம் அப்படியே இருக்க, லைனிங் மட்டும் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தால், பெரும்பாலும் பொருளிலேயேதான் குறை. பிளேட், பெட்டி, துண்டுச் சீட்டு, கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அதன் பதிவு என எதையும் கைநழுவ விடாதீர்கள். "எங்கள் பொருளே இல்லை" என்று சேவை மையத்தில் வாயால் சொன்னதை நிறுவனத்தின் நுகர்வோர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். போலிகளால் அவர்கள் வியாபாரமும் கெடுவதால் அக்கறையோடு பதில் தருவார்கள்.

இனி அந்த வரிக் கதைக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த எரிச்சல் தரும் விஷயம் இது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் சட்டப்படி தவறு. வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். 28 என்ற பேச்சுக்கே இடமில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியின் மேல் இருந்தாக வேண்டும். போலிப் பெட்டியில் இவற்றில் ஒன்றாவது விடுபட்டோ மங்கியோ இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பில் கொடுக்காமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. கல்லாவுக்கு மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்தப் பலகைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இத்தனை இருந்தும் நாலு காசு மிச்சம் என்று துண்டுச் சீட்டோடு திரும்பும் நம்மவர்களால்தான் போலிச் சரக்கு கவலையில்லாமல் ஓடுகிறது. அந்த மிச்சம், கியர்பெட்டியை மறுமுறை இறக்கும் கூலிக்குக்கூடக் காணாது.

வண்டி வைத்துத் தொழில் செய்பவர் நுகர்வோரே அல்ல என்று கடைக்காரர் வாதாடுவார், அஞ்ச வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்குகிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி என்ஜினியரிங் வழக்கின் தீர்ப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைக்குப் பதிவு அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பொருளின் விலையோடு வண்டி நின்ற நாள்களின் வருமான இழப்பையும் கணக்கிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பாதி விலையில் அதே நிறுவனத்தின் கிளட்ச் செட் இணையத்தில் கிடைக்கிறதே? – மதுரை

பதில்: மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: வேனின் கியர்பெட்டிக்கு ஜி.எல்.-4 எண்ணெய் ஊற்றச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறது. ஜி.எல்.-5 அதைவிட உயர்ந்தது என்று கடைக்காரர் கொடுத்துவிட்டார். ஊற்றிவிட்டோம். – தஞ்சாவூர்

பதில்: வடித்துவிடுங்கள். இந்த எண் உயர்வு தாழ்வைக் காட்டுவதன்று, பயன்பாட்டைக் காட்டுவது. டிஃபரன்ஷியலில் பினியன் மையத்தைவிட்டு விலகி நிற்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்குகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஜி.எல்.-5இல் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் கூடுதலாக இருக்கும். கியர்பெட்டியிலுள்ள பித்தளை சின்க்ரோனைசர் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும்) வளையங்களை அது நாளடைவில் அரிக்கலாம். அதேபோல் ஜி.எல்.-4ஐக் கொண்டுபோய் இப்படிப் பினியன் விலகி நிற்கும் 'ஹைப்பாய்டு' டிஃபரன்ஷியலில் ஊற்றினால் கிரவுன் தாங்காது. இரண்டுக்கும் பொருந்துவதாகத் தயாரிப்பாளரே டப்பாவில் எழுதியிருந்தால் ஒழிய, கையேட்டை விட்டு விலகாதீர்கள். 80டபிள்யூ-90 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்வது. அது பொருந்தியதால் மற்றதும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர்பெட்டி வாங்க நினைக்கிறேன். எதைப் பார்ப்பது? – செங்கல்பட்டு

பதில்: எண்ணெயை. என் தம்பி வேனுக்காக நான் பழைய கியர்பெட்டி வாங்கியபோது, கையால் சுற்றிக் காட்டினார்கள், சத்தமே இல்லை. வீட்டில் வடித்துப் பார்த்தால் எண்ணெய் கூழாகக் கிடந்தது. தேய்ந்த பேரிங்கின் இரைச்சலை அமுக்கக் கிரீஸைக் கலந்திருக்கிறார்கள். வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தது என்பது இங்கு வேண்டாம். நீங்கள் கடையிலேயே வடியும் திருகைக் கழற்றச் சொல்லி, ஒரு தட்டில் பிடித்துப் பாருங்கள். திருகின் காந்தத்தில் மை போல் படிந்த தூள் இருந்தால் பரவாயில்லை, சில்லுகள் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கியரும் விழுகிறதா என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்டின் பற்களை எண்ணி உங்கள் கிளட்ச் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் அறைந்திருக்கும் தகட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடே பிடுங்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது எந்த வண்டியிலிருந்து எப்படி வந்தது என்று பின்னர் நீங்கள் காவல்துறைக்குப் பதில் சொல்ல நேரிடலாம். பழைய பொருளுக்கும் பில் கேளுங்கள்.

கேள்வி: பின் ஆக்சிலில் எண்ணெய்க் கசிவு. மூன்று முறை சீல் மாற்றியாகிவிட்டது. எந்த நிறுவனத்தின் சீல் நல்லது? – தூத்துக்குடி

பதில்: நான்காவது சீலை இப்போது வாங்காதீர்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேல்பக்கத்தில் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுத்துளை இருக்கும்; சேறு அப்பி அது அடைந்துவிட்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீலின் வழியே தள்ளும். அதைக் கழற்றி, டீசலில் கழுவி, ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போக வேண்டும். எண்ணெய் அளவுத் திருகு வரைதான் இருக்கிறதா, அதற்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கசிந்தால், சீலின் உதடு படும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்த நிறுவனத்தின் சீலும் நிற்காது. அந்த இடத்துக்கு ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போட வேண்டும், அல்லது அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.